பிள்ளைகளோடு படம் பார்த்துப் பேசுவது: கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

கடந்த ஆண்டு மே மாதத்தில் ஓர் இரவு, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் மின்சாரம் போய்விட்டதால், பாய் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பமே மொட்டை மாடிக்குப் போனோம். பகல் முழுவதும் காய்ந்த தளத்தில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றியும் சூடு அடங்கவில்லை. மல்லாந்து படுத்து வெகுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் ஏழு வயது மகன், பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த தன் பாட்டியிடம், “ஆயா, இதுல தாத்தா எந்த நட்சத்திரம்?” என்று கேட்டான். என் மாமனார் அந்த ஜனவரியில்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு வீட்டில் எல்லோரும் சேர்ந்து 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘லயன் கிங்’ படத்தைப் பார்த்திருந்தோம். மறைந்துபோன பெரிய அரசர்கள் நட்சத்திரங்களிலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தந்தைச் சிங்கமாகிய முஃபாசா தன் மகன் சிம்பாவிடம் சொல்லும் காட்சி அதில் வருகிறது.

படம் முடிந்த அன்றைக்கே நான் அவனிடம் பேசிப் பார்த்திருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கும் பழக்கத்தில், “இந்தப் படத்துலேருந்து என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்டேன். “நல்லவனா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான். என்னிடமிருந்து சீக்கிரம் விடுபடுவதற்காகச் சொன்ன பதில் அது. படம் அவன் மனத்தில் விட்டுச்சென்றிருந்த கேள்வி வேறாக இருந்தது. அது வெளியே வருவதற்கு இரண்டு வாரமும் ஒரு மின்வெட்டும் தேவைப்பட்டன.

என் மாமியார் விசிறியை நிறுத்தவில்லை. “தாத்தா நட்சத்திரத்துல இல்லடா கண்ணு. நட்சத்திரத்தையெல்லாம் எண்ணி, பேர் சொல்லிக் கூப்பிடறாரே, அந்தக் கர்த்தர்கிட்ட இருக்காரு” என்றார். 147ஆம் சங்கீதத்தின் 4ஆம் வசனம் அது. அவன் சற்று யோசித்துவிட்டு, “அப்போ தாத்தாவையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரா?” என்று கேட்டான். “ஆமாண்டா” என்றார். படம் தவறு என்றும் அவர் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. படம் எழுப்பிய ஏக்கத்தை எடுத்து, அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டார். பிள்ளைகளின் அனிமேஷன் படங்களைக் கிறிஸ்தவக் குடும்பமாகப் பேசுவது என்று நான் இந்தக் கட்டுரையில் விளக்க விரும்புவது அதைத்தான். எங்கள் சபையில் இளம் பெற்றோர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்தப் படத்தைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று பட்டியல் போடுவது இதன் முதல் வேலை அன்று. படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பிரசங்கம் செய்வதும் இது அன்று. பிள்ளை பார்த்த கதையைப் பிள்ளையின் வாயால் கேட்டு, அந்தக் கதை உலகத்தைப் பற்றி என்ன சொல்லுகிறது என்பதை ஒன்றாகக் கண்டுபிடித்து, வேதாகமம் சொல்லும் பெரிய கதையின் பக்கத்தில் அதை வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பதே இதன் சாரம். உபாகமம் 6ஆம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் கர்த்தருடைய வார்த்தைகளைக் குறித்துப் பிள்ளைகளிடம் பேசச் சொல்லுகிறது. அந்த நான்கு நேரங்களிலும் இன்றைய வீடுகளில் ஏதோ ஒரு திரை விளிம்பில் இருக்கிறது என்பதால், பேச்சும் அங்கிருந்தே தொடங்கலாம்.

நமக்கு முந்தைய தலைமுறை இதை வேறு விதமாகக் கையாண்டது. வடஆர்க்காட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கும் நாட்களில், விசுவாசிகளின் பிள்ளைகள் இரவில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு இருந்தது. சினிமாக் கொட்டகையின் வாசலை மிதிப்பதே பாவம் என்று கருதிய குடும்பங்கள் பல. என் அம்மா வீடும் அப்படித்தான். அந்தக் கண்டிப்பை இன்று எளிதாகக் குறை சொல்லிவிடலாம், ஆனால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். விடிய விடியப் பார்க்கும் ஒரு கதை மனத்தை உருவாக்கும் வல்லமையுள்ளது என்பதை அவர்கள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தார்கள். கொட்டகைக்கு ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலில் நின்று தடுக்க முடிந்தது. இன்று அதே கொட்டகை பிள்ளையின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டதால், தடுப்பதோடு கூடவே பகுத்தறியவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று 1 தெசலோனிக்கேயர் 5:21 சொல்லுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் செய்ய வேண்டும்.

கதை எப்படி வேலை செய்கிறது

மிருகங்களும் மரங்களும் பேசுகிற கதை பொய்தானே, அதை விசுவாசப் பிள்ளைகளுக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தை அவர்களுக்கு நினைவூட்டுவேன். கெரிசீம் மலையின் உச்சியில் நின்று யோதாம் சொல்லும் கதையில், மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடி ஒலிவமரத்திடமும் அத்திமரத்திடமும் திராட்சச்செடியிடமும் போய்க் கேட்கின்றன. அவை மறுத்துவிட, கடைசியில் முட்செடி, என் நிழலிலே வந்தடையுங்கள் என்று அழைக்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்? தன் சகோதரரைக் கொன்று ராஜாவான அபிமெலேக்கைப் பற்றி நேரடியாகப் பேசியிருந்தால் பத்து வாக்கியங்கள் தேவைப்பட்டிருக்கும்; பேசும் ஒரு முட்செடி அதை ஒரே வரியில் முடித்துவிட்டது.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்த கதை இன்னும் பொருத்தமானது. 2 சாமுவேல் 12இல் அவர், பிறனுடைய மனைவியை எடுத்துக்கொண்ட ராஜாவின் பாவத்தை எடுத்தவுடன் பேசவில்லை. ஏழை ஒருவன் வளர்த்த ஆட்டுக்குட்டி ஒன்று அவன் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது என்றும், அதை ஐசுவரியவான் ஒருவன் பிடித்துச் சமைத்துவிட்டான் என்றும் விவரிக்கிறார். அந்த மடியை மனக்கண்ணில் பார்த்த தாவீதுக்கு முதலில் கோபம் வருகிறது, தீர்ப்பு வாயிலிருந்து வந்துவிடுகிறது, “நீயே அந்த மனுஷன்” என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது. கதை முதலில் உணர்ச்சியைத் தொடுகிறது, புத்தி பின்னால் வந்து சேருகிறது. நாம் பார்க்கும் படங்களும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்களாக ஓடும் படத்தில், முகத்தில் பாதியை அடைக்கும் பெரிய கண்களும், யாருடைய பக்கம் நாம் நிற்க வேண்டும் என்று சொல்லித்தரும் இசையும் சேர்ந்து, பிள்ளை யாரை நேசிக்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதை வெற்றி என்று எண்ண வேண்டும் என்பதை ஒரு வார்த்தையும் பேசாமல் தீர்மானித்துவிடுகின்றன. அப்படித் தீர்மானிக்கப்பட்டதைப் பிறகு வார்த்தைக்குக் கொண்டுவருவதற்குத்தான் பேச்சு தேவைப்படுகிறது.

நான்கு கேள்விகள்

வேதாகமத்தின் கதையைப் படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, நிறைவு என்று நான்கு பகுதிகளாகப் பார்ப்பது சபைகளில் வெகுகாலமாக உள்ள வழக்கம். எந்தக் கதைக்குள்ளும் இதே நான்கின் நிழல் இருக்கும். இந்தக் கதையில் நல்ல வாழ்க்கை என்று எதைக் காட்டுகிறார்கள், அது எதனால் கெட்டுப்போகிறது, அதை யார் எப்படிச் சரிசெய்கிறார்கள், கடைசியில் எல்லோரும் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று கேட்டால், படத்தின் உள்நாடி பிடிபட்டுவிடும். இந்தச் சொற்களைப் பிள்ளைகளிடம் பயன்படுத்த வேண்டியதில்லை. இவை பெற்றோரின் மனத்துக்குள் இருந்தால் போதும்.

2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே மார்லின் என்னும் மீன் தன் மனைவியையும் முட்டைகளையும் ஒரு கொடிய மீனுக்குப் பறிகொடுத்து, எஞ்சிய ஒரே முட்டையைத் துடுப்பில் ஏந்திக்கொண்டு, உனக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறது. அந்த முட்டையிலிருந்து வந்த நீமோவுக்கு ஒரு துடுப்பு சிறியது. தகப்பனின் அச்சம் மகனை மூச்சுத்திணற வைக்கிறது. மகன் கோபத்தில் எல்லை தாண்டி நீந்திப்போய் மனிதரிடம் பிடிபடுகிறான். தகப்பன் கடல் முழுவதும் தேடிப் போகிறான். விசுவாசப் பெற்றோர் எவரும் இதைப் பார்த்த உடனே லூக்கா 15ஆம் அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். போகலாம்; காணாமற்போனதைத் தேடிப்போகும் மேய்ப்பனும், தூரத்தில் மகனைக் கண்டு ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் தகப்பனும் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மார்லின் பிதாவாகிய தேவனைப் போல இல்லாத இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். லூக்கா 15இல் மாற வேண்டியவர்கள் இரண்டு மகன்கள்தான், தகப்பன் மாற வேண்டியதில்லை. படத்திலோ மார்லின்தான் முதலில் மாற வேண்டியிருக்கிறது. கடைசியில் மீன்பிடி வலைக்குள் அகப்பட்டவர்களைக் காப்பாற்ற நீமோ மறுபடியும் ஆபத்துக்குள் போக வேண்டிவரும்போது, பிடித்துவைத்திருந்த மகனைத் தகப்பன் விட்டுக்கொடுக்கிறான். அந்த இடத்தில் என் மூத்த மகள், அப்போது அவளுக்குப் பதினொரு வயது, என்னைத் திரும்பிப் பார்த்தாள். காட்பாடியிலிருக்கும் தோழி வீட்டுக்குத் தனியாகப் பஸ்ஸில் போக அவள் கேட்டு நான் மறுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் அன்று எனக்கிருந்த பாடம் அவளுக்கிருந்ததைவிடப் பெரியது என்பதை நான் அவளிடம் ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் வளர்க்கச் சொல்லும் எபேசியர் 6:4 தகப்பன்மாரை நோக்கி எழுதப்பட்டது என்றாலும், தாய்மாருக்கும் அது பொருந்தும். பெற்றோர் தாங்களும் படத்தால் சோதிக்கப்படுகிறவர்கள் என்று பிள்ளைகள் கண்டுவிட்டால், அதன் பிறகு பேச்சு தானாக வரும்.

ஒற்றுமையையும் வேற்றுமையையும் சேர்த்துப் பேசுவது

தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பொதுவானது, எந்தப் படத்திலும் யாராவது ஒருவரை இயேசுவாக்கிவிடுவது. பிள்ளைகள் இந்தச் சூத்திரத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் “இயேசப்பா” என்று பதில் வந்துவிடும், அதன் பின்னால் யோசனை எதுவும் இருக்காது. அதற்கு நேரெதிரான தவறு, ஒரு வரி பிடிக்கவில்லை என்பதற்காகப் படம் முழுவதையும் சாத்தானுடையது என்று ஒதுக்குவது.

2013ஆம் ஆண்டின் ‘ஃப்ரோஸன்’ படத்தை வைத்து இரண்டையும் விளக்கலாம். அதில், பனியை உண்டாக்கும் சக்தியுள்ள இளம் அரசி எல்சா மலைமேல் தனியாக நின்று பாடும் பாட்டு உலகெங்கும் பரவியது. ஆண்டுவிழா மேடைகளில் நம் பிள்ளைகளும் அதற்கு ஆடியிருக்கிறார்கள். சரி தவறு என்ற கட்டுப்பாடு எதுவும் இனி எனக்கில்லை, நான் விடுதலையாகிவிட்டேன் என்பது அதன் பொருள். பாட்டை மட்டும் கேட்டால், எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது என்று சொல்லும் எரேமியா 17:9க்கு அது நேர் எதிரானது. ஆனால் படம் அந்தப் பாட்டோடு முடிவதில்லை. அவள் விடுதலை என்று எண்ணிப் பாடுகிற அதே நேரத்தில் கீழே அவளுடைய நாடு முழுவதும் பனியில் உறைந்து கிடக்கிறது. “அவ பாடும்போது கீழ ஊர்ல என்ன நடந்துட்டிருந்தது?” என்று மகளிடம் கேட்டேன். பாட்டை நூறு முறை பாடியிருந்தும் அவள் அதை இணைத்துப் பார்த்ததில்லை.

முடிவுக் காட்சி இன்னும் ஆழமானது. எல்சாவின் தங்கை அன்னாவின் இருதயம் உறைந்துகொண்டிருக்கிறது. மெய்யான அன்பின் செயல் ஒன்றுதான் அதைக் காப்பாற்றும். ஒரு முத்தம்தான் அந்தச் செயல் என்று படமும் நாமும் எண்ணிக்கொண்டிருக்கையில், தன்னைக் காப்பாற்ற ஓடிவருகிறவனை விட்டுத் திரும்பி, அக்காளின்மேல் ஓங்கிய வாளுக்கு முன்னால் அன்னா போய் நிற்கிறாள். அன்பைப் பெற்றுக்கொள்வதால் வராத ஜீவன் அன்பைக் கொடுத்ததால் வருகிறது. சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கும் அன்பிலும் பெரிய அன்பில்லை என்ற யோவான் 15:13ஐ ஒரு பிள்ளைக்கு விளக்க இதைவிடத் தெளிவான காட்சி சுலபமாகக் கிடைக்காது. இதையும் சொல்லிவிட்டு, வேறுபாட்டையும் கேளுங்கள்: அன்னா தான் நேசிக்கிற அக்காளுக்காகக் குறுக்கே நின்றாள், ஓங்கிய வாளைப் பிடித்திருந்தவனுக்காக நிற்பாளா? நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்லுவது அந்த இடத்தில்தான் படத்தைத் தாண்டிப்போகிறது. என் மகள் இதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

‘லயன் கிங்’ படத்துக்கும் இதே முறை பொருந்தும். தகப்பனின் சாவுக்கு நீதான் காரணம் என்று கொலைகாரனாகிய ஸ்காரே சிம்பாவின் தலையில் பழியைச் சுமத்துகிறான். சிம்பா ஓடிப்போய், கவலையை மறந்து வாழும் நண்பர்களோடு வளர்கிறான். செய்யாத குற்றத்துக்காக வரும் பழியுணர்ச்சி ஒன்று, செய்த பாவத்துக்காக வரும் துக்கம் வேறொன்று. இரண்டையும் மறதியால் தீர்க்க முடியாது. முதலாவதற்கு உண்மை தேவை, இரண்டாவதற்கு மன்னிப்பு தேவை. பரீட்சையில் தம்பி தோற்றதற்கும் வீட்டில் அப்பா அம்மா சண்டைக்கும் தானே காரணம் என்று மனத்துக்குள் சுமந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்கள் அதைச் சொல்ல வழி தெரியாமல் இருக்கும்போது, சிம்பாவைப் பற்றிப் பேசுவதுபோலத் தங்களைப் பற்றிப் பேசிவிடுவார்கள்.

வேதாகமக் கதைகளையே படமாக்கியவை

இவை ஆபத்தில்லாதவை என்று எண்ணிப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துவிடுகிறோம். என் அனுபவத்தில் இவற்றுக்குத்தான் துணை அதிகம் தேவை. மோசேயின் கதையைச் சொல்லும் 1998ஆம் ஆண்டின் ‘பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ அழகான படம், மரியாதையோடு எடுக்கப்பட்ட படம். ஆனாலும் குழந்தை மோசே கிடந்த நாணற்பெட்டியை அதில் எடுப்பவள் பார்வோனின் மனைவி. யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தில் பார்வோனின் குமாரத்தி. பார்வோனோடு பேசியபோது மோசேக்கு 80 வயது, ஆரோனுக்கு 83 வயது என்று யாத்திராகமம் 7:7 சொல்லுகிறது. படத்து மோசே வாலிபனாகவே தெரிகிறார். இவை சிறிய மாற்றங்கள். பெரிய மாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. படத்தில் எகிப்தியக் கண்காணி கைகலப்பில் தவறிவிழுந்து சாகிறான். யாத்திராகமத்திலோ மோசே அங்கும் இங்கும் பார்த்து, ஒருவரும் இல்லையென்று அறிந்து, அவனை வெட்டி மணலில் புதைத்துவிடுகிறார்.

எங்கள் ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டிவிட்டு, வேதாகமத்தைத் திறந்து வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அத்தனை ஆர்வத்தோடு அவர்கள் யாத்திராகமத்தைப் புரட்டி நான் பார்த்ததில்லை. அங்கும் இங்கும் பார்த்தார் என்ற சொல்லைக் கண்டுபிடித்த பையன், “அப்போ அவருக்குத் தப்புன்னு தெரிஞ்சிருக்கு மிஸ்” என்றான். அதை ஏன் படத்தில் மாற்றினார்கள் என்று கேட்டேன். கதாநாயகன் நல்லவனாகவே இருக்க வேண்டும் என்பதால் என்றார்கள். தேவன் ஏன் மாற்றாமல் எழுதிவைத்தார் என்ற அடுத்த கேள்வியில் அரை மணி நேரம் போயிற்று, மணி அடித்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

மந்திரம், அச்சம், சான்றிதழ்

மந்திரம் வரும் படங்களைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. நம் ஊரில் இது கற்பனையான கேள்வி அன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரித்துக் கயிறு கட்டும் வீடுகளும், பில்லி சூனியத்துக்குப் பயந்து தூங்காத வீடுகளும் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. உபாகமம் 18ஆம் அதிகாரம் தடுக்கும் குறிகேட்பதும் சூனியமும் வேறு, பூசணிக்காய் வண்டியாக மாறும் கதை வேறு என்று நான் எண்ணுகிறேன். ஆனாலும் பிள்ளையின் பின்னணி தெரியாமல் இதற்கு எல்லோருக்குமான ஒரே பதிலைச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட பயத்திலிருந்து விடுபட்டு வந்த ஒரு குடும்பம், இத்தகைய படம் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தால், ரோமர் 14ஆம் அதிகாரத்தின்படி அந்த மனச்சாட்சியை மதிக்க வேண்டும், அவர்கள் பிள்ளை நம் வீட்டுக்கு வரும்போது அதைப் போட்டுக் காட்டவும் கூடாது.

வேறு மதத்தாரின் வழக்கங்களைக் காட்டும் படங்களுக்கு இன்னொரு வகையான கவனம் வேண்டும். 2017ஆம் ஆண்டின் ‘கோகோ’ மெக்சிகோ நாட்டில் இறந்தோரை நினைவுகூரும் நாளைப் பற்றியது. உயிரோடிருக்கிற கடைசி ஆளும் மறந்துவிட்டால் இறந்தவர் மறுமையிலும் மறைந்துபோவார் என்பது அதன் கதை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் கத்தோலிக்கரும், திதி கொடுக்கும் இந்துக்களும் நம் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்கள். கோட்டைக்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் ஒரே அகழிக்குள் நிற்கும் ஊரில் வளரும் பிள்ளைக்கு, வேறுபாட்டைச் சொல்லும்போதே இகழ்ச்சியில்லாமல் சொல்லவும் கற்றுக்கொடுக்க வேண்டும். மனிதரின் நினைவில்தான் இறந்தவர் வாழ்கிறார் என்றால் மறதி எத்தனை கொடியது என்று முதலில் அந்தப் படத்தின் துயரத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு, தம் உள்ளங்கைகளில் நம்மை வரைந்திருக்கிறேன் என்று சொல்லுகிறவரைப் பற்றி ஏசாயா 49ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கலாம்.

தணிக்கைச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின்படி, பழைய யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்களிலும் இதே வயதுப் பிரிவுகள் உண்டு. பார்த்துத் தேர்ந்தெடுக்க இது உதவும். வன்முறையையும் ஆபாசத்தையும் அளக்கும் கருவி அது; படம் எதை நேசிக்கக் கற்றுக்கொடுக்கிறது என்பதை அது அளப்பதில்லை.

பேசும் விதம்

கூடுமானவரை தமிழ் ஒலியில் பாருங்கள். ஆங்கிலம் பழகட்டும் என்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டால், ஆயாவும் தாத்தாவும் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் மொட்டை மாடியில் அன்று தேவைப்பட்ட பதில் என் மாமியாரிடம்தான் இருந்தது. நடுவில் நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டாம். படத்தை முழுவதும் அனுபவிக்க விடுங்கள். படம் முடிந்த உடனே கேட்பதைவிட, மறுநாள் வண்டியில் பள்ளிக்குப் போகும் வழியிலோ, பட்டாணி உரிக்கும்போதோ, குடும்ப ஜெபத்துக்குப் பிறகு விளக்கை அணைத்த பிறகோ பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். முகத்துக்கு முகம் பார்க்காத இடங்கள் இதற்கு நல்லவை.

என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். எந்த இடத்தில் உனக்குப் பயமாக இருந்தது, யாரைப் பார்த்தால் பாவமாக இருந்தது, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய், எந்த இடம் உனக்குப் பிடிக்கவில்லை என்று கேட்கிறேன். நான் முதலில் என் பதிலைச் சொல்லுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, ஆயரிடம் கேட்போம் என்கிறேன். ஒரு வசனத்துக்கு மேல் சொல்லுவதில்லை. சில நாட்களில் வசனமே சொல்லுவதில்லை. பிள்ளை ஒன்றும் பேசாவிட்டால் அதையும் தோல்வியாக எண்ணுவதில்லை, ஏனென்றால் பேச்சு வராத இடத்திலும் படம் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

2015ஆம் ஆண்டின் ‘இன்சைட் அவுட்’ படத்தில் அப்படி ஓர் இடம் உண்டு. ரைலி என்னும் சிறுமியின் மனத்துக்குள் இருக்கும் உணர்ச்சிகளே அதில் கதாபாத்திரங்கள். அவளுடைய சிறுவயதுக் கற்பனைத் தோழனாகிய பிங் பாங் தன் வண்டியைப் பறிகொடுத்து உட்கார்ந்துவிடும்போது, மகிழ்ச்சி அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியும் முகத்தைக் கோணிக்காட்டியும் எழுப்பப் பார்க்கிறது, முடியவில்லை. துயரம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வருத்தமாயிருக்கிறது என்கிறது. அவன் அழுகிறான், பிறகு எழுந்திருக்கிறான். யோபின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு 2:13 சொல்லுகிறது. அவர்கள் செய்ததில் சரியானது அந்த ஏழு நாள்தான். அழுகிறவரைப் பார்த்ததும் விசுவாசம் இல்லையா என்று கேட்டுவிடும் நம் சபைகளுக்கு இந்தக் காட்சி வேண்டியதுதான் என்று நினைத்து, அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசக் காத்திருந்தேன். மகன் படம் முழுவதும் சிரித்துக்கொண்டே பார்த்தான், முடிந்ததும் தூங்கிவிட்டான். நானும் விட்டுவிட்டேன்.

இந்த ஜனவரியில் என் மாமனாரின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, என் மாமியார் முற்றத்தில் அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பாத்திரங்களை ஒழித்துவிட்டு நான் வந்தபோது, மகன் அவருக்கு அருகில், அவரைப் போலவே காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். என்னடா பண்ற என்று கேட்டேன். “ஆயாவுக்கு வருத்தமா இருக்கும்மா, அதான்” என்றான். நாங்கள் கூப்பிட்டும் வெகுநேரம் அவன் அங்கிருந்து எழுந்து வரவில்லை.